கயிறு அறுந்தால் இன்ஜின் பழுதா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கியிருப்பதைப் பார்க்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த மலையில்தான் விளைகிறது. கூடவே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். அந்தப் படி வயல்களில் டிராக்டர் இறங்காது. ஆள் தூக்கிக்கொண்டு போகிற இன்ஜின்தான் அங்கே சரிப்படும். முதுகில் மாட்டிக்கொள்ளும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், தள்ளிக்கொண்டே போகும் சின்ன டில்லர், இப்படி.

இவற்றில் பலவற்றுக்குச் சாவி கிடையாது. பேட்டரி கிடையாது. உதைக்கக் கிக்கரும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அதில் ஒரு கயிறு, அவ்வளவுதான். பிடித்துச் சட்டென்று ஓர் இழு. உடனே ‘விர்ர்ர்’ என்று இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும்.

நகரத்துப் பிள்ளைகளும் இந்தக் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனதும் கடைக்காரர் வாசலில் குனிந்து நின்று ஜெனரேட்டரில் இழுப்பாரே, அதே கயிறுதான். மழைக்காலத்தில் வத்தலக்குண்டு – கொடைக்கானல் காட் ரோட்டில் மரம் விழுந்து வழி அடைபட்டால், அதை அறுக்கக் கொண்டுவரும் ‘பவர் சா’ ரம்பத்திலும் உண்டு. வெளிநாடுகளில் பிள்ளைகள் ஓட்டுகிற குட்டிப் பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் உண்டு.

சில நேரம் இழுத்த வேகத்தில் கயிறு அறுந்து, கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும். இழுத்தவர் இரண்டடி பின்னால் தள்ளாடிவிட்டு, “போச்சு, இன்ஜினே போச்சு!” என்பார். உண்மையில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஏன் என்று தெரிய, அந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்துகிறது. பிளக்கில் பொறி விழுகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் கிடைத்த வேகத்திலேயே அடுத்த அழுத்தமும் நடந்துவிடும். சிக்கல் முதல் சுற்றில்தான். முந்தைய தள்ளல் என்று ஒன்று இல்லாதபோது முதல் கலவையை யார் அழுத்துவது? வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட்டே ஆக வேண்டும்.

இந்த ‘யாராவது’ ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. உங்கள் தாத்தா காலத்து அம்பாசிடர் காருக்கு முன்னால் ‘ஹேண்டில்’ என்ற வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றுவார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் கார்களில் வந்தது. சுற்றும் வேலை அப்போது பேட்டரிக்குப் போயிற்று. ஸ்கூட்டரில் காலால் உதைத்தோம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் சைக்கிள் பெடலையே மிதித்துக் கிளப்பினோம். ஹேண்டில், உதை, மிதி, பொத்தான், கயிறு எல்லாமே செய்வது ஒரே வேலை. ஓடாத இன்ஜினைச் சில சுற்றுகள் சுற்றிவிடுகின்றன.

கயிறு எவ்வளவு சுற்றும்? கணக்குப் போட்டுவிடலாம். கயிறு சுற்றியிருக்கும் வட்டின் விட்டம் 6 செ.மீ. என்று வையுங்கள். சுற்றளவு 6 × 3.14, அதாவது சுமார் 19 செ.மீ. நீங்கள் 75 செ.மீ. கயிறு இழுத்தால் வட்டு கிட்டத்தட்ட 4 தடவை சுற்றும். அந்த இழுப்பு அரை விநாடியில் முடிந்தால், விநாடிக்கு 8 சுற்று, நிமிடத்துக்கு 480 சுற்று. ஜெனரேட்டர் இன்ஜின் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றுகிறது. உங்கள் கை அதில் ஆறில் ஒரு பங்கு வேகத்தை, அதுவும் அரை விநாடிக்கு மட்டும் கொடுக்கிறது. இன்ஜினுக்கு அது போதும்.

அதற்குச் செலவாகும் ஆற்றலையும் பார்த்துவிடுவோம். பத்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு 75 செ.மீ. இழுத்தால் சுமார் 75 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கவும் இதே அளவுதான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு மில்லி லிட்டர் பெட்ரோலில் 30,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது! பெட்ரோலில் பூட்டிக் கிடக்கும் அந்த ஆற்றலைத் திறக்கத்தான் நம்முடைய 75 ஜூல்.

பேட்டரியே இல்லாத இன்ஜினில் பிளக்கில் பொறி எப்படி விழுகிறது? இதுவும் கயிற்றின் வேலைதான். இன்ஜினின் ஓரத்தில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் காந்தம் பதித்திருப்பார்கள். பக்கத்திலேயே, அசையாமல், செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். காந்தம் சுருளைக் கடந்து ஓடும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்ன மின்காந்தத் தூண்டல் இதுதான். அந்த மின்சாரம் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தப்பட்டு, பிளக் முனையில் ஒரு மில்லி மீட்டரை விடக் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. காந்தம் மெதுவாகப் போனால் மின்னழுத்தம் குறையும், பொறி விழாது. ஆகவேதான் கயிற்றைத் தயங்கித் தயங்கி இழுத்தால் இன்ஜின் கிளம்புவதே இல்லை. பலமாக இழுப்பதைவிட வேகமாக இழுப்பது முக்கியம்.

இப்போது உங்கள் பம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டையைச் சுற்றி, வீசி இழுத்தால் பம்பரம் சுழல்கிறது. சாட்டை கழன்று கையோடு வந்துவிடுகிறது. பழைய காலத்துச் சிறு இன்ஜின்கள் அப்படியேதான் கிளம்பின. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பார்கள், கயிறு கழன்று வரும். கிளம்பவில்லையா, மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். கடலில் வள்ளம் ஓட்டும் மீனவர்களின் அவுட்போர்டு மோட்டாரில், அவசரத்துக்கென்று இப்படியொரு தனிக் கயிற்றை இன்றும் கருவிப் பையில் வைத்துத் தருகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். கயிறு தானாகவே உள்ளே திரும்ப வேண்டும். இன்னொன்று, இன்ஜின் கிளம்பி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது கயிற்றையும் சேர்த்து இழுத்துப் போகக் கூடாது. போனால் கை என்னாவது? இந்த இரண்டு சிக்கலையும் தீர்த்த ஏற்பாட்டைத்தான் மெக்கானிக்குகள் ‘ரீகாயில் ஸ்டார்ட்டர்’ என்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இரண்டாவது சிக்கலுக்கான விடை.

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். நடுவில் கயிறு சுற்றிய பிளாஸ்டிக் வட்டு இருக்கும். பல வகைகளில், அதன் முகத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு கொக்கிகள் மடங்கிப் படுத்திருக்கும். கயிற்றை மெதுவாக இழுங்கள். வட்டு திரும்பத் தொடங்கியதும் இரண்டு கொக்கிகளும் வெளியே தலை நீட்டும். விட்டால் மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கம், ஃப்ளைவீலின் மேல், பள்ளங்கள் வெட்டிய ஒரு கிண்ணம் இருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது கொக்கி அந்தப் பள்ளத்தில் மாட்டி இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் கிளம்பிக் கையை விட வேகமாக ஓடத் தொடங்கியதும், கிண்ணத்தின் சரிந்த விளிம்பு கொக்கியைத் தள்ளிவிட்டு விடுகிறது. ஒரு திசையில் பிடிக்கும், மறு திசையில் வழுக்கும். சைக்கிளில் மிதிக்காமல் இறக்கத்தில் போகும்போது ‘கிர்ர்ர்’ என்று சத்தம் வருகிறதல்லவா, அங்கே வேலை செய்வதும் இந்தத் தத்துவம்தான்.

கயிற்றை உள்ளே இழுப்பது ஸ்பிரிங். வட்டுக்கு அடியில் பட்டையான எஃகுத் தகடு சுருள் சுருளாகச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு பையன் மெக்கானிக்கிடம் கேட்டான்:

“அண்ணே, இந்த ஸ்பிரிங்தானே இன்ஜினைச் சுத்துது?”

“இல்ல தம்பி. இன்ஜினைச் சுத்துறது உன் கை. ஸ்பிரிங்குக்குக் கயிறைத் திரும்பச் சுருட்டுறது ஒண்ணுதான் வேலை.”

அவர் சொன்னதே சரி. நீங்கள் இழுக்கும்போது உங்கள் ஆற்றலில் ஒரு சிறு பங்கை ஸ்பிரிங் வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. நீங்கள் விட்டதும் அதை வைத்து வட்டைப் பின்னோக்கிச் சுற்றுகிறது. கயிறு அறுந்தாலும் ஸ்பிரிங் உடைந்தாலும் பிஸ்டன், பிளக், காந்தம், சுருள் எதற்கும் சேதமில்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். இங்கே ஸ்டார்ட்டர் கயிற்றுக்கு வேலை அதிகம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வத்தலக்குண்டில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிரிக்காமல் மேலே கொண்டுவந்து பாருங்கள், உப்பிப்போய் இருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது கீழ்நாட்டுக் காற்று. வெளியே அழுத்தம் குறைந்ததால் அது விரிந்துவிட்டது. இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு சீக்கிரம் வேகாமல் குக்கரைத் தேடுவது அதனால்தான். 1899-ல் இங்கே சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தவர்களுக்கு இந்த உயரத்தின் தெளிந்த வானம் வரமாக இருந்தது. இன்ஜினுக்கு இந்த மெல்லிய காற்று அவ்வளவு நல்லதில்லை.

பெட்ரோல் சரியாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். சமவெளிக்கென்று அளவு வைத்த கார்புரேட்டர், மலைக்கு வந்த பிறகும் பெட்ரோலைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ளாது. காற்றோ குறைந்துவிட்டது. கலவையில் பெட்ரோல் மிஞ்சுகிறது. பிளக்கில் கரி படிகிறது, புகை கறுக்கிறது, இன்ஜினின் பலமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், சிலிண்டருக்குள் அழுத்த வேண்டிய காற்றே குறைவு என்பதால் கயிற்றை இழுப்பது மட்டும் இங்கே கொஞ்சம் சுலபம்!

அந்தச் சுலபத்தையும் குளிர் பறித்துக்கொள்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் ஏரிப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படியும் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும். பிஸ்டன் அசைய அடம்பிடிக்கும். பெட்ரோலும் எளிதில் ஆவியாகாது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும். ஆகவே ‘சோக்’ என்ற காற்றுத் தடுப்பை மூடிக் காற்றைக் குறைத்து, கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறோம். ஆனால் மலையில் காற்று ஏற்கனவே குறைவு! சோக்கை மூடியபடியே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். குளிர் சோக்கை மூடு என்கிறது, உயரம் திற என்கிறது. மூடி வைத்து ஓரிரு இழுப்பு, இன்ஜின் ஒருமுறை இருமியதும் உடனே திற. மலையில் இதுதான் சரியான வழி என்பேன். தெரியாதவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், கயிறு தேய்ந்துகொண்டே வரும்.

அறுந்த கயிற்றின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது திடீரென்று அறுந்ததாக இருக்காது. மூடியில் கயிறு வெளியே வரும் துளை இருக்கிறதே, அதன் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து மேல் பின்னல் பஞ்சாகிப் பிரிந்திருக்கும். உள்ளே இருந்த வெள்ளை இழைகள் கடைசியாகத் தாக்குப்பிடித்துவிட்டுப் போயிருக்கும். கயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்து இழுப்பவர்களின் இன்ஜினில் இது சீக்கிரம் நடக்கும். துளைக்கு நேராக இழுத்தால் உராய்வு குறைவு.

புதுக் கயிறு போடுவதைப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். தனியாக வேண்டாம். முதலில் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை அடைத்து, பிளக்கின் தலையில் இருக்கும் கறுப்புத் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். தவறிப்போய்ச் சக்கரம் சுற்றினாலும் பொறி விழாது. பிறகு ஸ்டார்ட்டர் மூடியில் இருக்கும் மூன்று நான்கு போல்ட்டுகளை ஸ்பேனரால் கழற்றினால் மூடி தனியே வந்துவிடும்.

பழைய கயிற்றின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து நீளம் அளக்க வேண்டும். தடிமனும் அதேதான் இருக்க வேண்டும். ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷினுக்கு மெல்லியது, ஜெனரேட்டர், டில்லருக்குச் சற்றுத் தடித்தது. “கொஞ்சம் தடியாகப் போட்டால் உறுதியாக இருக்குமே” என்று தோன்றும். போட்டால் வட்டின் பள்ளத்தில் அடங்காது. மெல்லிய கயிறோ வட்டின் ஓரமாக நழுவிச் சிக்கிக்கொள்ளும். மாடு கட்டும் கயிறு, துணி காயப்போடும் கொடிக்கயிறு இவற்றை வைத்து ஒப்பேற்றுவதும் உண்டு. அது ஓரிரு நாளுக்கு மேல் வராது. ஸ்டார்ட்டருக்கென்றே விற்கும் பின்னல் நைலான் கயிறுதான் சரி. வெட்டிய முனையைத் தீயில் காட்டினால் நைலான் உருகி இழைகள் ஒட்டிக்கொள்ளும், பிரியாது. உருகிய முனையை உடனே தொட்டால் விரல் வெந்துவிடும், கவனம்.

இனிதான் முக்கியமான இடம். கயிறு அறுந்தபோது ஸ்பிரிங் தன் முறுக்கை முழுக்க இழந்திருக்கும். வட்டை, கயிறு இழுபடும் திசையில், கையால் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற இறுகும். இதற்கு மேல் முடியாது என்ற நிலை வந்ததும் ஒரு சுற்று பின்னால் விட்டு, வட்டில் இருக்கும் துளையும் மூடியில் இருக்கும் துளையும் நேருக்கு நேர் வரும்போது அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கயிற்றை இரண்டு துளை வழியாகவும் கோத்து, உள்முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையில் கைப்பிடியை மாட்டுவார். பிறகு வட்டை மெல்ல மெல்ல விட்டால், ஸ்பிரிங் கயிற்றைத் தானே சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும்.

அந்த ஒரு சுற்றை ஏன் விட்டுக்கொடுத்தோம்? முழுக்க இறுக்கி வைத்தால், கயிற்றைக் கடைசிவரை இழுக்கும்போது ஸ்பிரிங்கும் தன் எல்லையை முட்டிவிடும், மேலும் இழுத்தால் உடையும். முறுக்குப் போதாமல் விட்டாலோ கயிறு முழுவதும் உள்ளே போகாது. கைப்பிடி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். கைப்பிடி தொங்கும் இன்ஜினை எங்காவது பார்த்தால், ஸ்பிரிங் முறுக்குப் போதவில்லையோ என்று நீங்களே சந்தேகப்படலாம்.

ஸ்பிரிங்கை மட்டும் அதன் கூட்டிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. சுருண்ட எஃகுத் தகடு சீறிக்கொண்டு அவிழும். அதன் ஓரம் கையைக் கிழிக்கும், கண்ணுக்கும் ஆபத்து. ஸ்பிரிங் உடைந்திருந்தால் முழு ஸ்டார்ட்டரையும் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. காசு கொஞ்சம் கூடும், கண் பத்திரமாக இருக்கும்.

மூடியைத் திரும்ப மாட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் திருகி, கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் கொக்கிகளைக் கிண்ணத்தில் பிடிக்கவிட்டால் மூடி தானே நடுவுக்கு வந்து நிற்கும். அதன் பிறகு இறுக்க வேண்டும். இன்ஜினைக் கிளப்பும்போதும் கயிற்றை முதலில் மெதுவாக இழுத்து, கையில் தடை தட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்டன் காற்றை அழுத்தத் தொடங்கும் இடம் அது. கயிற்றை உள்ளே விட்டு, அங்கிருந்து வேகமாக ஓர் இழு. இழுத்த பின் கைப்பிடியைப் பட்டென்று விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் வைக்க வேண்டும்.

கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் சுற்றுலா வருபவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிப் படுத்தவர்கள் இறந்துபோன செய்தி இந்த ஊரிலிருந்தே வந்திருக்கிறது. இரண்டிலும் வருவது ஒரே நச்சுவாயு. ஜெனரேட்டரைத் திறந்த வெளியில், ஜன்னலுக்குத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டில்லரின் ஸ்டார்ட்டர் வட்டின் விட்டம் 7 செ.மீ. அதில் 88 செ.மீ. கயிற்றை 0.4 விநாடியில் இழுத்தால், இன்ஜின் எத்தனை சுற்று சுற்றும்? அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேகம்? பை மதிப்பை 22/7 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையை, போட்ட வழியோடு, எழுதிப் பாருங்கள்.